ரிமோட்டை மாத்த முன்னம் ‘டிக்’ சத்தத்தைக் கேளுங்கள்

வீட்டு மின்சாதனம்: வாசகர் கேள்வி பதில்

கராஜ் ரோலர் டோர், கடை ஷட்டர் ரிமோட் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகத் தருகிறோம். பல கேள்விகளின் அடியில் இருப்பது ஒன்றுதான்: புது ரிமோட் வாங்குவதா, வேண்டாமா? முதல் பதிலில் உள்ள சோதனையைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ரெண்டு தரம் பற்றரி மாத்தியாச்சு. எண்டாலும் காரை விட்டு இறங்கி, டோருக்குக் கிட்டப் போய் நாலைஞ்சு தரம் அமத்தினாத்தான் திறக்குது. முந்தி ரோட்டில நிண்டே திறந்த டோர் இது. ரிமோட் பழுதா, மோட்டர் பழுதா?
வாசகர், கல்லடி

பதில்: ஒருவரை வெளியே நின்று ரிமோட்டை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அருகில் காது கொடுங்கள். அழுத்தும்போதெல்லாம் பெட்டிக்குள் ‘டிக்’ என்று ரிலே (மோட்டருக்குக் கரண்ட்டை விடும் சின்னச் சுவிட்ச்) தட்டுகிறதா? தட்டியும் டோர் அசையவில்லை என்றால் ரிமோட்டுக்கும் அந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை. மோட்டர், கரண்ட், பாதுகாப்பு சென்சர் பக்கம் பாருங்கள். ‘டிக்’ கேட்கவில்லை, ஆனால் சுவர் சுவிட்சுக்கு டோர் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பழுது ரிமோட்டிலோ, மோட்டர் பெட்டிக்குள் அதன் அலையை வாங்கும் ரிசீவரிலோ இருக்கிறது. அடுத்து, வீட்டிலுள்ள இரண்டாவது ரிமோட்டை எடுங்கள். இரண்டுமே கிட்டப் போனால்தான் வேலை செய்கின்றன என்றால் ரிசீவர் பக்கம். ஒன்று மட்டும் என்றால் அந்த ஒன்று. இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

உங்கள் விசயத்தில் தூரம் குறைந்திருக்கிறது, முற்றாகச் சாகவில்லை. முதலில் பற்றரி. இரண்டு தரம் மாற்றிவிட்டேன் என்பதை வைத்துப் பற்றரியில் பிழையில்லை என்று சொல்ல முடியாது. இந்த ரிமோட்டுகளில் பெரும்பாலும் வருவது 23ஏ என்ற 12 வோல்ட் சின்னப் பற்றரி. அதன் உறைக்குள் பொத்தான் போல எட்டுச் சிறிய செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எட்டில் ஒன்று பலவீனமானாலும் முழுப் பற்றரியும் விழும். கடைத் தட்டில் வெயில்படத் தொங்கிக் கிடந்தது புதிதாக இருந்தாலும் பழையதுதான்; உறையில் திகதி பார்த்து வாங்குங்கள். 27ஏ என்று இன்னொன்று உண்டு. அதுவும் 12 வோல்ட், நீளமும் கிட்டத்தட்ட அதே, ஆனால் விட்டம் 8 மில்லிமீற்றர்தான். 23ஏ 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். மெல்லியதை மொத்தமானதன் இடத்தில் போட்டால் உள்ளே ஆடும். கையில் ஒரு மாதிரிப் பிடித்தால் வேலை செய்யும், வேறு மாதிரிப் பிடித்தால் செய்யாது.

மல்டிமீற்றர் இருந்தால், பற்றரியைக் கழற்றி அளக்காதீர்கள். சும்மா இருக்கும் பற்றரி 12 காட்டி ஏமாற்றும். ரிமோட்டுக்குள் இருக்கும்போதே இரு முனையிலும் கம்பி வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டு பாருங்கள். நல்ல பற்றரி 12 வோல்ட்டுக்கு அருகிலேயே நிற்கும். 10க்குக் கீழே சரிந்தால் எறிந்துவிடுங்கள். 3 வோல்ட் சிஆர்2032 தட்டைப் பற்றரி என்றால் 2.7க்குக் கீழே போகக்கூடாது. சில தட்டைப் பற்றரிகளின் முகத்தில், குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பட்டும் என்று கசப்புப் பூச்சுப் பூசியிருக்கும். சில ரிமோட்டுகளில் அந்தப் பூச்சே தொடுகையைத் தடுத்துவிடும். ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போடுங்கள்.

(பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்றிய தட்டைப் பற்றரியை மேசையில் விட வேண்டாம். குழந்தை விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

பற்றரி சரி என்றால் அது உட்காரும் ஸ்பிரிங்கையும் தகட்டையும் பாருங்கள். பச்சை, வெள்ளைத் தூள் பிடித்திருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு தொட்டுத் தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டால் இரண்டு தரம் துடையுங்கள். சாற்றை அப்படியே விட்டால் அதுவே தகட்டைத் தின்னும். தகடு தளர்ந்திருந்தால் நகத்தால் ஒரு மில்லிமீற்றர் நிமிர்த்திவிடுங்கள்.

இவையெல்லாம் முடிந்தும் இரண்டு ரிமோட்டும் கிட்டப் போனால்தான் என்றால், ஏணி வைத்து ஏறி மோட்டர் பெட்டியிலிருந்து தொங்கும் அன்டெனாக் கம்பியைப் பாருங்கள். இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸில் பேசுபவை. அந்த அலையின் நீளம் சுமார் 69 சென்ரிமீற்றர். அதில் கால்வாசி, 17.3 சென்ரிமீற்றர், கம்பியின் சரியான நீளம். பெயின்ற் அடிக்க வந்தவர் வெட்டியிருப்பார், அல்லது அழகுக்காகச் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் செருகியிருப்பார். வெளியே எடுத்து, இரும்பில் படாமல், நேராகத் தொங்கவிடுங்கள். குறைந்திருந்தால் அதே அளவுக்கு மெல்லிய கம்பியைச் சோல்டர் பண்ணி நீட்டலாம். நீளம் கூடினால் இன்னும் தூரம் பிடிக்கும் என்று ஒரு மீற்றர் கம்பி கட்டுபவர்கள் உண்டு. அது பிழை, கண்டபடி நீட்டினால் தூரம் குறைவதுதான் வழமை.

கேள்வி: எங்கட கடை ஷட்டர் பகலில ஒரு குறையுமில்ல. மஃரிபுக்குப் பிறகு ரிமோட் கேக்குதில்ல. ராவு கடை பூட்டுற நேரம் பெரிய கரைச்சல். பற்றரி புதுசு.
கடைக்காரர், காத்தான்குடி

பதில்: பகலில் இல்லாத எது இரவில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம். எல்இடி பல்புக்குள், 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. அது ஒரு செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. நல்ல பல்பில் அந்த இரைச்சல் வெளியே போகாமல் இருக்க வடிகட்டி வைத்திருப்பார்கள். மலிவுப் பல்பில் அந்த இரண்டு மூன்று உதிரிகளைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். ரிசீவர் காது கொடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பல்ப் கத்திக்கொண்டிருந்தால் ரிமோட்டின் சின்னக் குரல் கேட்காது. சந்தைக்குள் நின்று காதோடு கதைத்தால் கேட்பதும், நாலடி தள்ளி நின்று கதைத்தால் கேட்காமல் போவதும் போலத்தான்.

சோதிக்கும் முறை: இரவில், ஷட்டருக்கு வரும் எம்சிபியை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக உள்ள சுவிட்ச்) மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இறக்குங்கள். இப்போது ரிமோட் எத்தனை அடி தள்ளி நின்று வேலை செய்கிறது என்று எட்டு வைத்து அளந்து குறியுங்கள். பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று அழுத்துங்கள். எதை ஏற்றியதும் தூரம் சுருங்குகிறதோ அந்த வரிசையில்தான் ஆள் இருக்கிறான். அந்த வரிசையில் பல்புகளைக் கழற்றிக் கழற்றிப் பாருங்கள். பெயர்ப்பலகை எல்இடி, அலங்காரப் பட்டி விளக்கு, சிசிரிவி கமராவின் அடப்டர், வைஃபை ரவுட்டரின் அடப்டர் ஆகியவற்றையும் விடாதீர்கள். வைஃபை வேறு அலைவரிசை, அது குழப்புவதில்லை. குழப்புவது அதன் மலிவு அடப்டர்.

பிடிபட்ட பல்பை வேறு தயாரிப்புக்கு மாற்றுவதே நேரான வழி. மாற்ற முடியாத பெயர்ப்பலகை என்றால் அதன் அடப்டரை ஷட்டர் பெட்டியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள். அடப்டரிலிருந்து போகும் வயரில், கணினி வயர்களில் ஒரு குமிழ் போல இருக்குமே, அந்த ஃபெரைற் கிளிப்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டாலும் ஓரளவுக்குக் குறையும். முற்றாகத் தீராது. இவை ஒன்றும் சரிவராவிட்டால் அன்டெனாவைப் பெட்டியிலிருந்து வெளியே, பல்புகளுக்கு அப்பால் கொண்டு போக வேண்டும். 50 ஓம் கோஅக்சியல் வயர் நல்லது. கிடைக்காவிட்டால் டிவி கேபிள் 75 ஓம் என்றாலும் சமாளிக்கும். நடுக்கம்பியைப் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் அன்டெனா முனையிலும் பின்னல் உறையை அதற்குப் பக்கத்திலுள்ள எர்த் முனையிலும் கொடுத்து, மறு நுனியில் உறையை உரித்து 17.3 சென்ரிமீற்றர் நடுக்கம்பியை மட்டும் நிமிர்த்தி விடுங்கள். பெட்டியைத் திறக்க முன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

இதே குறை உங்களுக்கு மறுபக்கமாக, பகலில் மட்டும் வந்தால் கூரையில் சோலார் இருக்கிறதா என்று பாருங்கள். இன்வேட்டரும் இரைச்சல் போடும்.

கேள்வி: விடிய வேலைக்குப் போகக்குள்ள ரிமோட் வேலை செய்யாது. மத்தியானம் வந்து அமத்தினா முதல் தரத்திலேயே திறக்கும். வீட்டுக்காரர் என்னை நம்புறாரில்லை!
வாசகி, நாவலடி

பதில்: நாங்கள் நம்புகிறோம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் வீட்டில் இது எதிர்பார்க்க வேண்டிய குறை.

கடற்காற்றில் வரும் உப்பு ரிமோட்டின் இடுக்கு வழியே உள்ளே போய், பச்சைப் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படியும். காய்ந்த உப்பு கரண்ட்டைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். மாரியில் சமையலறை உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். கரைந்த உப்பு நன்றாகக் கரண்ட்டைக் கடத்தும். விடியற்காலையில் உங்கள் ரிமோட்டுக்குள் பட்டனின் இரண்டு முனைகளுக்கும் இடையில் உப்புநீர்ப் பாலம். மத்தியானம் வெயிலேறியதும் அந்தப் பாலம் காய்ந்துவிடுகிறது. அது இருக்கும் நேரமெல்லாம் பற்றரியும் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் நாள் முழுவதும் இதே கதையாகிவிடும்.

ரிமோட்டைத் திறந்து பற்றரியை எடுங்கள். பலகையை வெளியே எடுத்து, 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் பழைய பல்துலக்கியைத் தோய்த்து இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். கைச் சுத்திகரிப்பு ஜெல் வேண்டாம். அதில் பசை இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் விட்டுத் தூசியைச் சேர்க்கும். றப்பர் பட்டன் வகை என்றால், றப்பரின் அடியில் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். அதை வெள்ளைத் தாளில் இரண்டு தரம் உரசினால் போதும். பலகையிலுள்ள அதன் சோடித் தகட்டைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டாம். ‘டக்’ என்று சத்தமிடும் சதுரச் சுவிட்ச் வகை என்றால் சுத்தம் செய்தும் சரிவராதபோது மாற்றுவதே நல்லது. 6 மில்லிமீற்றர் சதுரம், நாலு கால். ரேடியோ திருத்தும் கடையில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். கழற்றமுன் தண்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் மூடியைப் பூட்டும்போதே பட்டன் அழுந்தி நிற்கும்.

ஒரு மணித்தியாலம் காயவிட்டு, பலகையில் பட்டனையும் பற்றரித் தகட்டையும் தவிர்த்து மெல்லிய வார்னிஷ் ஒரு கை பூசலாம். மூடியின் விளிம்பைச் சுற்றி வசலீன் கொஞ்சம் தடவிப் பூட்டினால் அடுத்த மாரி வரை தாக்குப்பிடிக்கும். ரிமோட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைக்காதீர்கள். வேர்வையும் உப்புத்தான்.

கேள்வி: ஃபோன் கமராவில பாத்தா டிவி ரிமோட்டில வெளிச்சம் தெரியுது. கராஜ் ரிமோட்டில ஒண்டும் தெரியேல்ல. செத்துப்போச்சா?
மாணவர், அம்பாறை

பதில்: இல்லை. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளி. கராஜ் ரிமோட் வானொலி அலை. எந்தக் கமராவிலும் தெரியாது. முகப்பில் எரியும் சின்ன விளக்கும் பற்றரியும் பட்டனும் சரி என்று மட்டும்தான் சொல்கிறது. அலை போகிறது என்று சொல்லவில்லை. சாவி வெட்டும் கடைகள் சிலவற்றில் அலைவரிசை காட்டும் கைமீற்றர் வைத்திருப்பார்கள். அதற்கு அருகில் பிடித்து அழுத்தினால் 433.92 என்று எண் விழும். கையிலிருந்து விழுந்த பிறகு விளக்கு மட்டும் எரிந்து டோர் திறக்காவிட்டால், பலகையில் ஆர்433 என்று பொறித்த சின்ன உலோக டப்பாவைப் பாருங்கள். அலைவரிசையை நிலைநிறுத்துவது அதுதான். விழுந்த அடியில் அதன் காலில் சோல்டர் விண்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மயிர் போல ஒரு வளையம் தெரியும். மறுபடி சோல்டர் தொட்டுவிட்டால் பெரும்பாலும் உயிர் வரும்.

கேள்வி: மேலதிகமா ஒரு ரிமோட் வேணுமெண்டு சாவிக்கடையில கொப்பி எடுத்தனாங்கள். ரெண்டு நாள் வேலை செய்தது. இப்ப புதுசு வேலை செய்தா பழசு செய்யுதில்லை, பழசு செய்தா புதுசு செய்யுதில்லை.
வாசகர், கல்முனை

பதில்: ரிமோட்டில் இரண்டு சாதி. ஒன்று எப்போது அழுத்தினாலும் ஒரே இலக்கத்தை அனுப்பும் நிலையான கோட். அதை எந்தக் கொப்பி ரிமோட்டும் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். மற்றது ஒவ்வோர் அழுத்தலுக்கும் இலக்கத்தை மாற்றும் உருளும் கோட். கீலொக் என்ற முறை இதில் பெயர்போனது. ரிமோட்டுக்குள் ஒரு எண்ணி இருக்கும். அழுத்த அழுத்த அது ஒன்று கூடும். ரிசீவரும் தன் பக்கத்தில் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். பழைய எண் வந்தால் தள்ளிவிடும். கள்ளன் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் திறக்கக்கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

உங்களுக்கு நடந்தது: கடைக்காரரின் கருவி பழைய ரிமோட்டின் தொடர் இலக்கத்தையே புதியதற்கும் கொடுத்துவிட்டது. ரிசீவருக்கு இரண்டும் ஒரே ஆள். ஆனால் எண்ணிகள் இரண்டு. நீங்கள் பழையதை 20 தரம் அழுத்தினால் ரிசீவர் அந்த 20ஐயும் தாண்டிப் போய்விடும். புதியது இன்னும் பின்னால் நிற்கும், அதன் எண் பழசாகிவிட்டது. அதை அழுத்தி அழுத்தி முன்னுக்குக் கொண்டுவந்தால் இது பின்தங்கும். இந்தச் சண்டை தீராது.

சரியான வழி, கொப்பி எடுக்காமல் ரிசீவருக்குப் புதிய ரிமோட்டைத் தனி ஆளாக அறிமுகப்படுத்துவது. உங்கள் மோட்டருக்குப் பொருந்தும், தனித் தொடர் இலக்கமுள்ள ரிமோட் வாங்குங்கள். மோட்டர் பெட்டியில் ‘லேர்ன்’ என்ற சின்னப் பட்டன் இருக்கும். ஒரு தரம் தட்டுங்கள், விளக்கு எரியும். விளக்கு அணைய முன் புதிய ரிமோட்டை அழுத்துங்கள். சிலவற்றில் இரண்டு தரம் அழுத்த வேண்டும். விளக்கு மினுங்கினால் பதிந்துவிட்டது. லேர்ன் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். பல மோட்டர்களில் 8, 10 செக்கன் பிடித்தால் நினைவிலுள்ள எல்லா ரிமோட்டும் அழிந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஊருக்குப் போயிருந்த நேரம் பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடிவிட்டு, வீட்டுக்கு வந்தால் டோர் திறக்கவில்லை என்பார்கள். கீலொக் வகையில் ரிசீவர் அடுத்த 16 எண்கள் வரை உடனே ஏற்கும். அதற்கு மேல் ஓடிவிட்டால் முதல் அழுத்தலைச் சந்தேகத்தோடு குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணும் தொடர்ந்து வந்தால்தான் திறக்கும். ஆகவே டோருக்கு முன்னால் நின்று இரண்டு தரம் அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரி.

கேள்வி: ரிமோட்டுக்குத் திறக்குது, பூட்டுதில்லை. கொஞ்சம் இறங்கிப்போட்டுத் திரும்ப ஏறுது.
வாசகர், செங்கலடி

பதில்: திறப்பதற்கு வேலை செய்யும் ரிமோட் பூட்டுவதற்கும் வேலை செய்யும். வாசலின் இரு பக்கமும் முழங்காலுக்குக் கீழே ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சென்சர் இருக்கும். அவற்றின் நடுவே எதுவும் இருந்தால் டோர் இறங்காது. சிலந்தி வலை, சேற்றுத் தெறிப்பு, சைக்கிள் இடித்துத் திரும்பியது, பின்னேர வெயில் நேரே கண்ணில் படுவது: இந்த நான்கில் ஒன்று. துடைத்து, இரண்டு விளக்கும் மினுங்காமல் நிலையாக எரியும் வரை திருப்பி இறுக்குங்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இந்தக் குறை வந்தால் வெயில்தான். ஒரு துண்டு பிவிசி குழாயைத் தொப்பி போலப் போட்டுவிடுங்கள். சென்சரை வயர் போட்டுச் செத்ததாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். டோருக்கு அடியில் பிள்ளை நிற்பதைப் பார்ப்பது அந்தக் கண் மட்டும்தான்.

கேள்வி: கடையில சாமான் இறக்கைக்குள்ள ஷட்டரை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, ஐஞ்சாறு தரத்தோட ரிமோட் நிண்டிடும். அரை மணித்தியாலத்தால தானா வேலை செய்யும்.
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதல் பதிலில் சொன்ன ‘டிக்’கைக் கேளுங்கள். கேட்கும். நின்றது மோட்டர். மோட்டரின் பெயர்த்தட்டில் எஸ்2 4 நிமிடம் அல்லது எஸ்2 10 நிமிடம் என்று போட்டிருக்கும். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓடலாம், பிறகு ஆறவேண்டும் என்று பொருள். மிஞ்சினால் உள்ளே இருக்கும் வெப்பக் கட் கரண்ட்டைப் பிரிக்கும். ஆறியதும் தானே சேரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே ஆற நேரம் இன்னும் கூடும். சாமான் இறக்கும் வரை ஷட்டரைத் திறந்தே விடுங்கள்.

முந்தி பத்துத் தரம் ஓடியது இப்போது ஐந்தோடு நிற்கிறது என்றால் மோட்டருக்குப் பாரம் கூடியிருக்கிறது. கரண்ட் குறைவும் ஒரு காரணம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் மோட்டரின் தொடக்க இழுவை முக்கால்வாசிக்குக் குறையும், சூடு கூடும். ஸ்பிரிங் உள்ள டோர் என்றால் மோட்டரை விடுவித்துக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டுப் பாருங்கள். அந்த இடத்திலேயே நின்றால் நல்லது. சடாரென்று விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதை இறுக்குவதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் கையை உடைக்கும். ‘டிக்’ கேட்டு, மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அதன் கப்பாசிற்றர் போய்விட்டது. மேலே எழுதியுள்ள மைக்ரோஃபரட் அளவே போட வேண்டும், வோல்ட் அளவு குறையக் கூடாது. கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

கேள்வி: ரவு ரெண்டு மணிக்கு டோர் தானாத் திறந்திருக்கு. இது ரெண்டாம் தரம். வீட்டில எல்லாருக்கும் பயம்.
வாசகி, ஏறாவூர்

பதில்: பேய்க்கு முன் எறும்பைச் சந்தேகியுங்கள். சுவர் சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரும் தொட்டால் டோர் ஓடும். மழையில் நனைந்த சுவரும், உள்ளே கூடுகட்டிய சிற்றெறும்பும் அதைச் செய்யும். அந்த வயரை மோட்டர் பெட்டியில் கழற்றிவிட்டு ஒரு கிழமை ரிமோட்டால் மட்டும் பாவியுங்கள். டோர் தானாகத் திறக்கவில்லை என்றால் குற்றவாளி சுவர் வயர். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் எறும்பு ஏறும். ரிலேயின் முனைகளுக்கிடையில் நசுங்கிச் செத்து ஒட்டிக்கொள்ளும். பல்லி இரண்டு முனையில் காலை வைத்தால் பலகையே போய்விடும். மெயினை இறக்கித் தூரிகையால் துடைத்து, வயர் நுழையும் துளையைச் சிலிக்கனால் அடையுங்கள். பூச்சி மருந்தைப் பலகையில் அடிக்காதீர்கள். எறும்புச் சோக்கைப் பெட்டிக்கு வெளியே, வயர் வரும் வழியில் கீறினால் போதும்.

அடுத்தது உங்கள் ரிமோட்டுகள். எதிலாவது பட்டன் ஒட்டி நிற்கிறதா, அலுமாரியில் வேறொன்றின் அடியில் நசுங்கிக் கிடக்கிறதா?

மூன்றாவது, நிலையான கோட். ரிமோட்டைத் திறந்தால் பலகையில் மூன்று நிலையில் வைக்கும் எட்டு இடங்கள் தெரிந்தால், மொத்தம் 6,561 இலக்கங்கள்தான் சாத்தியம். கடையிலிருந்து வந்தபடியே எல்லாவற்றையும் ஒரே பக்கம் விட்டிருந்தால், அதேபோல விட்ட பக்கத்து ஒழுங்கை வீட்டாரின் ரிமோட்டுக்கும் உங்கள் டோர் திறக்கும். இலக்கத்தை மாற்றி, ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி வையுங்கள். நகை, வாகனம் இருக்கும் வீட்டுக்கு எங்கள் அபிப்பிராயம்: நிலையான கோட் ரிசீவரைக் கழற்றிவிட்டு உருளும் கோட் ரிசீவர் ஒன்றைப் போடுங்கள். மோட்டரை மாற்றத் தேவையில்லை. சுவர் சுவிட்சின் இரண்டு முனையிலேயே வெளி ரிசீவரின் ரிலேயைக் கொடுக்கலாம்.

கேள்வி: ரிமோட்டைச் சட்டைப் பொக்கற்றோட வோஷிங் மெஷினில போட்டிட்டன். அரிசிக்குள்ள வைக்கவா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அரிசியைச் சோறாக்குங்கள். பற்றரியை உடனே எடுத்துவிட்டு, பலகையைக் கார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் அலசிச் சவர்க்காரத்தைப் போக்குங்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது, வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் காயவிட்டுப் புதிய பற்றரி போடுங்கள். வெயிலில் காரின் முன்தட்டில் வைத்துக் காயவிட்டால் பிளாஸ்டிக் வளையும்.

கேள்வி: ரிமோட் ஒண்டு காணாமப் போச்சு. மற்றது கையில இருக்கு. பிரச்சினையில்லைத்தானே?
வாசகர், வாழைச்சேனை

பதில்: காணாமல் போனது யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கும் பிரச்சினையில்லை! லேர்ன் பட்டனை விளக்கு அணையும் வரை பிடித்து நினைவு முழுவதையும் அழியுங்கள். பிறகு கையிலுள்ளதை மட்டும் மறுபடி பதியுங்கள். நிலையான கோட் என்றால் இலக்கத்தையே மாற்ற வேண்டும்.

கேள்வி: கரண்ட் போனா வாகனம் உள்ளுக்குள்ள அடைபட்டிடும். கரண்ட் வந்த பிறகும் ரிமோட்டுக்கு டோர் மெல்ல மெல்லத்தான் ஏறுது. பழுதா?
வாசகர், பொத்துவில்

பதில்: கரண்ட் வந்ததும் முதல் ஓட்டம் மெதுவாக இருப்பது சில டிசி மோட்டர்களின் பழக்கம். தான் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோனதால் எல்லையைத் தடவித் தேடுகிறது. ஒரு தரம் முழுக்கத் திறந்து முழுக்கப் பூட்டவிடுங்கள். இடையில் ரிமோட்டை அழுத்தி நிறுத்த வேண்டாம். அதற்குப் பிறகும் மெதுவாகவே போனால் எல்லையை மறுபடி பதிய வேண்டும்.

அடைபடுவதற்கு: மோட்டரில் சிவப்புக் கயிறோ, சாவித் துளையோ, கைச்சங்கிலியோ இருக்கும். அது எங்கே என்று கரண்ட் இருக்கும் நாளில், பகலில், பூட்டிய டோரில் ஒருமுறை இழுத்துப் பழகுங்கள். திறந்து நிற்கும் டோரில் கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் டோர் முழுப் பாரத்தோடும் கீழே வரும். கையால் திறக்கும்போது மெயின் சுவிட்ச் இறங்கியிருக்கட்டும். பாதியில் கரண்ட் வந்து, யாரோ ரிமோட்டை அழுத்தினால் சங்கிலியோடு விரலும் போகும். வீட்டுக்கு அந்த ஒரு வாசல்தான் என்றால் சாவித் துளையுள்ள வெளி விடுவிப்பான் ஒன்றைப் பூட்டச் சொல்லுங்கள், அதன் சாவியைக் கராஜுக்குள்ளே தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.